மூடிய கண்ணோடு ஒரு கிரிக்கெட் வர்ணனை

1

போன நவம்பரில் எனக்கு வேலை போய்விட்டது. பதற வேண்டாம், மனதுக்குள்தான் போனது. அதுவும் பதினாறு மணி நேரத்துக்கு மட்டும். ஆனால் அந்தப் பதினாறு மணி நேரத்தில் நான் பட்ட பாட்டைப் பார்த்தால், நிஜமாகவே வேலை போனவர்கள்கூட எனக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள்.

டென்மார்க்கில் ஆர்ஹுஸ் என்ற ஊரில் காது கேட்கும் கருவி செய்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். பதினெட்டு வருடம் ஆகிறது. கருவிகளைச் சோதிக்க அங்கே ஒரு அறை உண்டு. சுவர், தரை, கூரை எல்லாம் பஞ்சுக் கூம்புகள். தும்மினால் அந்தத் தும்மல் இரண்டடி போவதற்குள் செத்துவிடும். மனிதன் எவ்வளவு உளறினாலும் வெளியே ஒருவருக்கும் கேட்காத இடம் பூமியில் அது ஒன்றுதான்.

அந்த இடத்தை என்னிடம் ஒப்படைத்தால் நான் சும்மா இருப்பேனா? மதியச் சாப்பாட்டு வேளையில், ரொட்டியைப் பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கண்ணை மூடுவேன். கிரிக்கெட் வர்ணனை செய்வேன். தமிழில். நடக்காத மேட்ச்சுக்கு.

பல வருடங்களாக நடந்துவந்த இந்தத் திருட்டுத்தனம் என் மனைவி வசந்திக்குக்கூடத் தெரியாது. நவம்பரில் ஒருநாள் சோதனை மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். இருபத்திரண்டு நிமிடம் பதிவாகியிருக்கிறது. மாலை என் மேலதிகாரி மெட்டேயிடமிருந்து மின்னஞ்சல்: "நாளை ஒன்பது மணிக்கு ஒரு சின்னப் பேச்சு. காப்பி உண்டு."

இந்த நாட்டில் பதவி உயர்வுக்கும் காப்பி, பணிநீக்கத்துக்கும் காப்பி. எதுவென்று தெரியாததால் நான் மோசமானதை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் மனதில் வீட்டை விற்று, மகளை அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்து, சாமான்களைக் கப்பலில் ஏற்றியாகிவிட்டது. ஒரே சந்தேகம் சோபா.

"என்ன பண்ணிண்டிருக்க? சோபாவை எதுக்கு டேப் வெச்சு அளக்கற?" என்றாள் வசந்தி.

"சும்மா, ஒரு பொது அறிவுக்கு."

"பைத்தியம் பிடிச்சுடுத்தா உனக்கு?"

பதினேழு வயது மகள் ஆர்த்தி காதிலிருந்து ஒரு ஹெட்போனை மட்டும் நகர்த்தி, டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். தமிழ் அவளுக்குப் புரியும். ஆனால் பதில் டேனிஷில்தான் வரும். பத்து வயதிலிருந்தே அப்படி. நான் தமிழில் கேட்க, அவள் டேனிஷில் சொல்ல, இரண்டு வானொலி நிலையங்கள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிற மாதிரி.

மறுநாள் ஒன்பது மணிக்கு மெட்டே காப்பியை ஊற்றி வைத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். என் குரல் கேட்டது. கடைசி ஓவர், ஆறு பந்தில் பதினோரு ரன் வேண்டும், கடற்கரை மைதானம் நிரம்பி வழிகிறது என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். எனக்குக் காது மடல் எரிந்தது.

"இது உன் மத வழிபாடா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார் மெட்டே. "அப்படியென்றால் மறைக்க வேண்டியதில்லை. அறையை முறைப்படி ஒதுக்கித் தரலாம். அதற்குப் படிவம் இருக்கிறது."

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது. பிறகு உண்மையைச் சொன்னேன்.

"நிஜ மேட்ச்சுக்கு இப்படிப் பேசியிருக்கிறாயா?"

"இல்லை."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்லை."

"எப்போது பேசப் போகிறாய்?"

பாத்திரம் கழுவும் இயந்திரத்தை எப்போது சரிபார்க்கப் போகிறாய் என்கிற மாதிரி கேட்டார். இவர்களிடம் இதுதான் தொல்லை. நம் ஊராக இருந்தால் "இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?" என்று ஒரு கேள்வி வந்து என்னைக் காப்பாற்றியிருக்கும்.

2

என் வயது ஐம்பத்து மூன்று. டேனிஷில் ஐம்பது என்று சொல்ல 'அரை மூன்றாவது' என்று ஏதோ இருபதின் மடங்கில் கணக்குப் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் வயது கேட்டால் நான் விரல் விட்டு எண்ணுவேன். நர்ஸ் கருணையோடு பார்ப்பாள்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்தால் ரேடியோவில் தமிழ் வர்ணனை வரும். அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கேட்பார். எனக்கு ஆட வராது. பேட்டிங்கில் பதினோராவது ஆள், பவுலிங்கில் பன்னிரண்டாவது ஆள். ஆனால் பேச வரும். நொச்சிக்குப்பத்துப் பையன்களோடு மணலில் மேட்ச் என்றால், கவிழ்த்துப் போட்ட படகின் மேல் ஏறி உட்கார்ந்து, எவர்சில்வர் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு பேசுவேன். நொச்சிக்குப்பம் கேப்டன் ஏழுமலை என் வகுப்புத் தோழன். "நீ ஆட வேணாம், மச்சி. நீ பேசு, அதுவே போதும்" என்பான். பாராட்டா, நான் ஃபீல்டிங் செய்யும் அழகைப் பார்த்து எடுத்த முடிவா என்பது இன்றுவரை தெரியாது.

இருபத்திரண்டு வயதில் வானொலியில் வர்ணனையாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் ஏழு பேர். உள்ளேயிருந்து "சீனிவாசன்" என்று குரல் வந்ததும் நான் மற்ற ஆறு பேரையும் திரும்பிப் பார்த்தேன், வேறு சீனிவாசன் எவனாவது எழுந்திருக்க மாட்டானா என்று. ஒருவனும் எழவில்லை. நான் எழுந்தேன். எழுந்து, நேராக வாசலுக்குப் போய், பஸ் ஏறி, லஸ்ஸில் இறங்கி ரோஸ்மில்க் குடித்தேன். வீட்டில் "எடுக்கலைன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பா கடைசிவரை அந்த நிலையத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அதற்குப் பிறகு மேட்ச் எல்லாம் உள்ளேதான். காரில், குளியலறையில், அப்புறம் அந்தப் பஞ்சு அறையில். உள்ளே நடக்கிற மேட்ச்சில் ஒரு சௌகரியம்: பந்து நான் சொல்கிற இடத்துக்குத்தான் போகும். இதுவே பின்னால் எனக்கு வினையாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

3

ஜனவரிக்கு விடுப்புப் படிவம் நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் 'ஒரே ஒரு நிஜ மேட்ச்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'குடும்பம்' என்று எழுதினேன். மூவரும் சென்னைக்கு வந்து அடையாறில் என் தம்பி வீட்டில் இறங்கினோம். மறுநாளே ஏழுமலையைத் தேடிப் போனேன்.

முழங்கால் போனதால் கடலுக்குப் போவதை விட்டுவிட்டான். மைக் செட் வாடகைக்கு விடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையோரம் நடக்கும் டென்னிஸ் பால் டோர்னமென்ட்டும் அவன் பொறுப்புதான். வர்ணனையும் அவனே. மூன்று வசனம்தான் மொத்தம்: "பவுண்டரி", "அவுட்டு", "வண்டிய நவுத்துப்பா".

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இதுக்கா இம்மாந்தூரம் வந்த?"

"ஆமாம்டா."

"அன்னிக்கு ரேடியோல எடுக்கலன்னியே, அப்ப எடுத்திருந்தா?"

"அவங்க எடுக்கலைன்னு இல்லடா, ஏழுமலை. நான்தான் ஓடிட்டேன்."

முப்பது வருடத்தில் முதல் ஆளாக அவனிடம்தான் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சரி, ஞாயித்துக்கெழம வா. இங்கருந்து ஓட முடியாது. சுத்தி மணலு."

ஞாயிற்றுக்கிழமை மைக்கைக் கையில் வாங்கினேன். ஆர்த்தி போனில் படம் எடுப்பதாகச் சொல்லி வந்தாள். ஆனால் நாற்காலியை என்னிடமிருந்து நல்ல தூரத்தில், சொந்தம் இல்லை என்று மறுக்கிற தூரத்தில் போட்டுக்கொண்டாள். முதல் ஓவர் தட்டுத் தடுமாறிப் போனது. இரண்டாவது ஓவரில் சூடு பிடித்தது. கூட்டம் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். நான் மிதந்தேன். மிதக்கும்போது, பழக்கதோஷம், கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆடிக்கொண்டிருந்தவன் பாலா. தரமணிக்கு ஆபீஸ் பஸ் ஓட்டுகிறவன், நொச்சிக்குப்பம் அணியின் நம்பிக்கை. "பந்துவீச்சாளர் ஓடி வருகிறார். பாலா ஒரு காலை முன்னால் வைக்கிறார். தூக்குகிறார்! பந்து மேலே, மேலே, படகுகளைத் தாண்டி, கடலைப் பார்த்து, சிக்ஸர்!" என்று முழங்கினேன். நாலு ஸ்பீக்கரும் அதிர்ந்தன.

கூட்டத்தில் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். பந்துவீச்சாளர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா சீனு!" ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டான். "பந்து இன்னும் அவன் பாக்கெட்லயே கீது!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "பாலா, சொன்ன சிக்ஸ அடி! மைக் மானத்தக் காப்பாத்து!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த பந்தைப் பாலா கண்மண் தெரியாமல் சுற்றினான். நடு ஸ்டம்ப் பறந்தது. திரும்பி வரும்போது பேட்டை மணலில் இழுத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், எனக்கு லஸ் கார்னர் ரோஸ்மில்க் ஞாபகம் வந்துவிட்டது.

ஏழுமலை என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டான். பிடுங்கவில்லை. குழந்தை கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்குகிற மாதிரி, மெதுவாக வாங்கினான்.

4

"யாருய்யா மைக்ல பேசுனது?"

மைதானத்தை ஒட்டிய சாலையோரம் மீன் கடைகள். அங்கிருந்து ஒரு பெண், கையெல்லாம் செதிலோடு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். "கஸ்தூரி. பாலாவோட அம்மா" என்று ஏழுமலை என் காதில் சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றான். நட்பின் ஆழம் அப்போதுதான் தெரிந்தது.

"நான்தான்மா" என்றேன்.

"எம் புள்ள சிக்சு அட்சுட்டான்னு சொன்னியே, சந்தோசத்துல கஸ்டமருக்கு ரெண்டு சங்கரா மீனு சேத்துப் போட்டுட்டேன். அப்பால பாத்தா, அவன் பேட்ட இஸ்துக்கினு கட பக்கமா வரான்!"

"மன்னிச்சுக்கோங்க. நான் வந்து, கொஞ்சம் கற்பனையில..."

"கற்பனயா? அத உன் ஊட்ல வச்சுக்கோ! நான் திரும்பிப் பாக்க முடியாது, தெரியுமா? திரும்புனா காக்கா மீனத் தூக்கிக்கினு பூடும். எட்டு வருசமா அவன் ஆடுறான். ஒருநாளு நான் கண்ணால பாத்ததில்ல. முதுவக் காட்டிக்கினு குந்திக்கினு, அந்தக் கொழா இன்னா சொல்லுதோ அதான் எனக்கு மேச்சு." ஸ்பீக்கரைக் காட்டினார். "இன்னிக்குத்தான் ஒருத்தன் ஒழுங்கா வெவரமா சொல்றானேன்னு கத்திய வச்சுட்டு கேட்டேன். காலு முன்னால வச்சான், தூக்குனான்னு சொன்னியே, அப்டியே தெரிஞ்சுது எனக்கு. எல்லாம் பொய்யி!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

முப்பது வருடமாக நான் பேசிய எல்லா மேட்ச்சிலும் கேட்கிறவர் என்று ஒருவர் இருந்ததில்லை. அதனால் பொய் என்றும் ஒன்று இருந்ததில்லை. இப்போது ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் இல்லாத சிக்ஸரை விற்றுவிட்டேன்.

"ஏழுமலை, அடுத்த ஞாயிறும் பாலா ஆடுறானா?"

"ஆடுறான். நீ திங்கக்கெழம பிளைட்டு ஏறணும்ல?"

"திங்கள் காலைலதான். இன்னொரு தடவை குடுடா."

அவன் மைக்கை அணைத்தான். "கண்ணத் தொறந்துக்கினு பேசுவியா?"

"சத்தியமா."

"உன் சத்தியம்லாம் வேணாம். கஸ்தூரி கைல கத்தி கீது, அத நெனச்சுக்கோ."

5

அந்த வாரம் முழுக்கப் பயிற்சி. பார்ப்பதை மட்டும் சொல்வது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! தம்பி வீட்டு பால்கனியில் நின்று எதிர் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனை வர்ணித்தேன். "நாற்காலியில் இருக்கிறார். பீடியை எடுக்கிறார்." அதற்குள் என் வாய் அவருக்கு ஒரு காதல் தோல்வியையும் கொடுத்துவிட்டது. அவர் எடுத்தது பீடியே இல்லை, பல் குத்தும் குச்சி.

தி. நகருக்கு வசந்தியோடு புடவைக் கடைக்குப் போனபோதும் விடவில்லை. "மேரூன் நிறம் விரிக்கப்படுகிறது. வாடிக்கையாளர் ஓரத்தைத் தடவுகிறார். ஒதுக்குகிறார். பச்சை வருகிறது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

"சார் என்னம்மா சொல்றாரு?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுமில்ல, ஜபம் பண்றார்" என்றாள் வசந்தி. பிறகு என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இப்ப நன்னா சொல்றே. முன்னாடியெல்லாம் பாத்ரூம்ல கேக்கறச்சே ஓவரா இருக்கும்" என்றாள்.

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

இரண்டாவது ஞாயிறு. மைக்கை வாங்கினேன். இந்தத் தடவை பார்வையை நட்டுக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது: சாலையோரம், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கஸ்தூரி. அவருக்கு மட்டும் சொன்னேன். பந்து வீசுகிறவன் சட்டையின் நிறத்தைச் சொன்னேன். பாலா எத்தனை தடவை மணலைத் தட்டினான் என்று சொன்னேன். ஒன்றுமே நடக்காத பந்துகளில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னேன். அதைச் சொல்லத்தான் எனக்கு அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.

பாலா ஏழு ரன் எடுத்திருந்தபோது பந்தைத் தட்டிவிட்டான். "வா என்று கூப்பிடுகிறார் பாலா. எதிரே இருப்பவர் ஓடி வந்துவிட்டார். பாலா நின்றுவிட்டார். இப்போது ஓடுகிறார், பாதி வழி, பந்து வருகிறது, விழுந்து நீட்டுகிறார். எட்டவில்லை. இரண்டு சாண் தூரம் இருக்கிறது. ரன் அவுட்."

கஸ்தூரியின் முதுகு அசையவில்லை. மீன் வெட்டுகிற கை மட்டும் நின்று, மறுபடி வெட்டத் தொடங்கியது.

மேட்ச் முடிந்ததும் நானே அவர் கடைக்குப் போனேன். அவர் தலை நிமிராமல் கேட்டார்.

"கூப்ட்டுட்டு நின்னுட்டானா?"

"ஆமாம்மா."

"ஊட்லயும் அப்டித்தான். வா சினிமாவுக்குப் போலாம்பான், கெளம்பி நின்னா தூங்கிக்கினு இருப்பான்." கத்தியைத் துடைத்தார். "ஒண்ணு சொல்றேன் அண்ணே, நீ சிரிக்கக் கூடாது. ஏழுமலை கொழாவுல 'அவுட்டு'ன்னா, யாரு அவுட்டுன்னு சொல்ல மாட்டாரு. இவன் ஊட்டுக்கு வந்து, 'அது நான் இல்லம்மா, எதுர்ல நின்னவன். நான் நாட்டவுட்டு'ம்பான். எட்டு வருசமா எம் புள்ள நாட்டவுட்டு!"

நான் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார், கண்ணில் நீர் வர.

"வருத்தமா இல்லையாம்மா?"

"இன்னா வருத்தம்? இன்னிக்குத்தான் அவன் ஆடுனதப் பாத்தேன்." சட்டென்று நிமிர்ந்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம யாரு சொல்வா?"

6

நான்தான் சொல்கிறேன்.

ஏழுமலை தன் போனை எல்லைக்கோட்டில் ஒரு குடைக் கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டிவிடுகிறான். வீடியோ அழைப்பில் மைதானம் எனக்குத் தெரியும். என் குரல் போனிலிருந்து மைக் செட்டுக்குப் போய், நாலு ஸ்பீக்கரிலும் வரும். அங்கே மதியம் இரண்டரை, இங்கே ஆர்ஹுஸில் காலை பத்து. நான் சமையலறை மேசையில் உட்கார்ந்திருப்பேன். படம் என்னிடம் வந்து என் குரல் அங்கே போய்ச் சேர இரண்டு விநாடி ஆகிறது. ஊரே பார்த்து முடித்த பிறகுதான் நான் சொல்கிறேன் என்று பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். கஸ்தூரிக்குக் குறை ஒன்றும் இல்லையாம். "லேட்டா வந்தா இன்னா, நெசமா வருதே" என்றாராம்.

மெட்டேயிடம் சொன்னேன். வேறு நாட்டில் பகுதிநேர வேலை பார்ப்பதற்கு ஒரு படிவம் உண்டு என்றார். சம்பளம் இல்லை என்றதும், சம்பளமில்லாத வேலைக்கும் ஒன்று உண்டு என்றார்.

பதற்றம் போய்விட்டது என்று எழுதினால் அதுவும் கற்பனைதான். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பதே முக்காலுக்கு போன் சார்ஜை மூன்று தடவை சரிபார்ப்பேன். வசந்தி சோம்புத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள்.

போன ஞாயிறு கடைசி ஓவர். கடைசிப் பந்து. நாலு ரன் வேண்டும். ஆடுவது பாலா. ஆர்த்தி டோஸ்ட் எடுக்க வந்தவள், தட்டோடு என் நாற்காலிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். பந்து வந்தது. பாலா ஒரு காலை முன்னால் வைத்துத் தூக்கினான். சொன்னேன். அந்த நொடியில் படம் நின்றுவிட்டது.

நெட்வொர்க். தோளுக்கு மேல் பேட், அண்ணாந்த முகம், குடையின் ஓரத்தில் பச்சைப் புள்ளியாகப் பந்து. எல்லாம் உறைந்துவிட்டது. அங்கிருந்து சத்தமும் வரவில்லை. ஆனால் என் குரல் மட்டும் போகும், முன்பும் போயிருக்கிறது. நொச்சிக்குப்பத்தில் ஒரு கத்தி பாதியில் நிற்கும்.

என் வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. மேலே, மேலே, படகுகளைத் தாண்டி. முப்பது வருடமாக அது என்னைக் கைவிட்டதே இல்லை.

"பாலா நன்றாக அடித்திருக்கிறார்" என்றேன். "பந்து மேலே போயிருக்கிறது. எனக்குப் படம் நின்றுவிட்டது. அது எங்கே இறங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை."

"அப்புறம்?" என்று பின்னாலிருந்து கேட்டாள் ஆர்த்தி. தமிழில்.

நான் திரும்பவில்லை. அந்தப் பச்சைப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல், இரண்டு ஊருக்கும் சேர்த்துச் சொன்னேன்:

"இன்னும் மேலேதான் இருக்கு."